கூடு கலைத்தவளுக்கு

இன்று காலை எங்கள் தெருமுனையில் ஒரு ஜீப்பிலிருந்து பச்சை ஏலக்காய் மூட்டை சரிந்து விழுந்தது. மலையிலிருந்து இறங்கிய லோடு. மழையில் ஊறிப்போன சாக்கு வாய் பிளந்து காய்களெல்லாம் சேற்றில் கொட்டின. பின்னால் வந்த பஸ்சு அதன்மேல் ஏறிப் போயிற்று. ஜீப்பை ஓட்டி வந்தவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். நசுங்கிய ஏலக்காயும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை உள்ளே வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

போடியில் ஐம்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். இந்த ஊரில் ஏலக்காய் மணக்காத தெரு இல்லை. வெறும் ஏலக்காய் வாசனை என்னை ஒன்றும் செய்யாது. அதோடு பச்சை மண் சேரும்போதுதான் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணம் கேட்காமலே தெரிந்துகொள்ள உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய். நீ போய் இன்றோடு நாற்பத்தோரு நாள்.

நாம் இருவரும் அந்த மலைக்கு ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் மதுரையில் நர்சு படிப்பு முடித்து ஏலத்தோட்டத்து மருந்துக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். நீ தேவாரத்துக்காரி, கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷனை இழந்து, சபையின் வேதாகம ஊழியத்துக்கு வந்தவள். ஒரு குடை, ஒரு துணிப்பை, பைக்குள் கறுப்பு அட்டை போட்ட வேதம். ஐந்து தோட்டங்களை நடந்தே சுற்றுவாய். எங்கள் தோட்டத்துக்கு வந்தால் மருந்துக்கூடத்தை ஒட்டிய என் அறையில்தான் தங்குவாய். என்னைவிட நாலு வயது மூத்தவள். நான் ‘அக்கா’ என்பேன், நீ ‘புள்ள’ என்பாய். தோட்டத்துச் சனங்களுக்கு நான் நர்சம்மா, நீ வேதக்காரம்மா.

அந்த மாசி மாதக் கடைசியை நினைத்துக்கொள்கிறேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு நேர் மேலே ஒரு செங்குத்துப் பாறை நின்றது. சனங்கள் அதைக் கழுகுப்பாறை என்பார்கள். பாறை இடுக்கில் முளைத்த ஒரு பழைய மரத்தில் இரண்டு கரிய கழுகுகள் கூடு கட்டியிருந்தன. ஓடைக்கு இந்தப் பக்கம் மருந்துக்கூடத்து வாசலில் நின்றால் கூடு நன்றாகத் தெரியும். ஒரு நாள் பெரிய கழுகு வட்டமிட்டு வந்ததும் பழக்கத்தில் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீ சிரித்தாய்.

“கருடன்னு நெனச்சிட்டியா?”

“எதுவா இருந்தா என்னக்கா. மேல சுத்துறதக் கும்பிட்டுக்கிறது நல்லதுதானே.”

“உங்க சாமி கருடன் மேல ஏறிப் போறாரு. எங்க ஆண்டவர் தன்னையே கழுகுக்கு ஒப்பாச் சொல்றாரு. அடிமைப்பட்டுக் கெடந்த சனத்தை றெக்கையில வச்சுத் தூக்கிட்டு வந்தேங்கிறாரு.”

லயத்தில் நீ அதிகம் வாசித்துக் காட்டியதும் அந்தப் பகுதியைத்தான். அங்கே வேதக்காரக் குடும்பம் இரண்டோ மூன்றோதான். ஆனாலும் எல்லோரும் வந்து உட்காருவார்கள். தலைச்சுமையோடு மலையேறி வந்த சனம். தூக்கிச் சுமக்கிற சாமி என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. சிலமலையிலிருந்து வந்த பேச்சி மட்டும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “என்ன தாயி?” என்று கேட்டாய். “இல்லம்மா, அந்தக் கழுகு எங்களயும் தூக்கிட்டு வந்திருந்தா மலைமெட்டு ஏறுறப்ப இம்புட்டு மூச்சு வாங்கியிருக்காதே” என்றாள் அவள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

அந்தக் கழுகு உன்னை விடவில்லை. வேதத்தில் அது வருகிற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாய். காத்திருக்கிறவர்கள் புதுப் பெலன் பெற்று எழும்பும் கழுகு. கிழட்டுத்தனம் உதிர்ந்து வாலிபம் திரும்பும் கழுகு. அந்த அளவில் எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் முகம் வாடி உட்கார்ந்திருந்தாய்.

“புள்ள, தின்னக் கூடாத பறவைகளுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கு. தீட்டான பறவைக. அதுல மொதப் பேரே கழுகுதான். தன்னை எதுக்கு ஒப்பிட்டாரோ அதையே எப்படித் தீட்டுன்னு தள்ளுறாரு?”

எனக்கு என்ன தெரியும். “அது பொணந்தின்னிக் கழுகா இருக்கும். இது வேறயா இருக்கும்” என்றேன்.

“ரெண்டுக்கும் ஒரே பேருதான் போட்டிருக்கு. சுமக்கிறதும் கழுகு, பொணம் கெடக்கிற எடத்துல வந்து கூடுறதும் கழுகு. சனங்க மேல தண்டனையா ஒரு படை வேகமா வந்து எறங்குறதையும் கழுகு மாதிரின்னுதான் சொல்லியிருக்கு. ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மத்ததத் தள்ள முடியாது போல.”

அன்றிலிருந்து நீ பாறையைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. குஞ்சுக்குப் பறக்கிற வயது வந்ததும் தாயே கூட்டைக் கலைக்கும், கீழே விழுகிற குஞ்சைச் சிறகு விரித்துத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதாம். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பங்குனி முழுக்கக் காத்திருந்தாய். தாய் கூட்டைக் கலைக்கவே இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் குஞ்சு பறந்து போயிருந்தது. கூடு அப்படியே இருந்தது. உனக்குப் பெரிய ஏமாற்றம்.

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தது. நீ ஐந்து தோட்டமும் சுற்றிவிட்டு வந்து சேர்ந்த அன்று பேச்சி கர்ப்பப் பரிசோதனைக்கு மருந்துக்கூடம் வந்திருந்தாள். ஏழாம் மாதம். போகிறபோக்கில் சொன்னாள்: “எங்க வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது நர்சம்மா. நெலச்சட்டம் நெருக்கிக்கிட்டு நிக்கிது. ஊத்துத் தண்ணியும் செவசெவன்னு வருது.”

நான் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். நீயோ குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். “வா புள்ள, என்னன்னு பாத்துட்டு வருவோம்.”

லயத்துக்கு மேலே ஏலச்செடிகளுக்குள் புகுந்து ஏறினோம். கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் கசிந்தது. பாறையின் அடிக்குக் கொஞ்சம் கீழே மரங்கள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. அங்கேதான் அது இருந்தது. புல்லுக்குள் அரிவாள் வளைவில் நீண்ட ஒரு வெடிப்பு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கை அகலம்கூட இல்லை. என் குடையை அதற்குள் விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வரை இறங்கியது; அடி தட்டவில்லை. குடையை உருவியபோது உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்தது. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதை மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன், அக்கா. குடையை விட்டது என் கை.

நீ அன்றே மேனேஜரிடம் போனாய். அவர் கெட்ட மனுஷர் இல்லை. யாரையும் அடித்ததில்லை, ஆள் அனுப்பி வெடிப்பைப் பார்த்துவரச் செய்யவும் செய்தார். போன கங்காணி மூங்கிலால் நாலு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, “மழைக்குப் பூமி வாய் தொறக்கிறதுதான். நான் இருவது வருசமாப் பாக்குறேன். மண்ணப் போட்டு மூடிட்டாச் சரியாப்போச்சு” என்று சொல்லிவிட்டான். காய் பறிக்கிற காலம். ஆள் குறைந்தால் காய் செடியிலேயே வெடித்துப் போகும்.

நீ லயத்துக்குப் போய் ஒவ்வொரு வீடாகச் சொன்னாய். யாரும் அசையவில்லை. எங்கே போவார்கள்? பெருமழையில், பிள்ளை குட்டிகளோடு. அந்த நாட்களில் நீ தூங்கவில்லை. விடிந்தால் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு பாறையைப் பார்த்தபடி இருப்பாய். நட்சத்திரங்களுக்கு நடுவில் கூடு கட்டினாலும் அங்கிருந்து கீழே தள்ளுவேன் என்று கழுகைச் சொல்லி எச்சரிக்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாய். சோற்றைத் தட்டில் வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பாய். என்னிடம் பேசினால் கழுகு, எதிரில் வருகிறவர்களிடம் பேசினால் கழுகு. எனக்கே உன்னைப் பார்க்கப் பயமாயிருந்தது.

ஒரு சனிக்கிழமை. எல்லோரும் காய் பறிக்கப் போயிருந்த நேரத்தில் கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு லயத்துக்கூரை மேல் ஏறினாய். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, புல் வேய்ந்த கூரையின் கட்டுகளை அறுத்து, வாரி வாரிக் கீழே தள்ளினாய். எட்டு வீட்டில் ஆறு வீட்டுக் கூரை போய்விட்டது. சத்தம் கேட்டு நான் ஓடைப்பாலம் தாண்டி ஓடி வந்தபோது உன் கையெல்லாம் ரத்தம். கூடையோடு திரும்பிய சனம் உன்னைச் சூழ்ந்துகொண்டது. மழை நேராக அடுப்பில் விழுந்தது. பேச்சி உன் சேலையைப் பிடித்து உலுக்கினாள்.

“எங்க கூட்டப் பிச்சிட்டியே, நீ நல்லாருப்பியா? நீ நல்லாருப்பியா?”

“நல்லாத் திட்டு தாயி. ஆனா இங்க மட்டும் படுக்காத.”

கங்காணி உன்னை அடிக்கக் கை ஓங்கினான். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். சனங்களை ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் தங்க வைத்தார்கள். அது ஓடைக்கு இந்தப் பக்கம், கெட்டியான மேட்டில் இருந்தது. நீ நினைத்தது நடந்துவிட்டது. உன் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு நிம்மதி தெரிந்தது.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், டீ வந்தது.

“போலீசுக்குப் போகணும்ங்கிறாக. பொம்பளப் புள்ளய அப்படி அலைக்கழிக்க எனக்கு மனசில்ல. நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. அவங்களுக்கு ஓய்வு வேணும், அவ்வளவுதான். சபைக்காரங்களே வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க.”

வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள், அதை நினைத்தேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். கருக்கரிவாளோடு கூரை மேல் நின்ற உன்னைப் பார்த்தபோது எனக்கும் சந்தேகம் வந்திருந்தது. எழுதினேன். ‘சில வாரங்களாகத் தூக்கமில்லை. ஆகாரம் சரியாக எடுப்பதில்லை. பறவைகளைப் பற்றியே இடைவிடாமல் பேசுகிறார். மனதுக்கு ஓய்வு தேவை.’ நாலு வரி. கீழே என் கையெழுத்து.

இரண்டாம் நாள் சபையிலிருந்து ஆள் வந்தது. நீ ஜீப்பில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “பேச்சியப் பாத்துக்க புள்ள. மழை விடுற வரைக்கும் யாரும் அங்க போகாமப் பாத்துக்க.” நான் தலையாட்டினேன். சீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் ஸ்டோரில் ஈரக்காய் குவிந்துகிடந்தது. சனங்கள் இருந்ததால் உலர்த்த இடமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கூரையை வேய்ந்துவிட்டார்கள். அன்று, பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டில் சனங்களை நிறுத்திவைத்துக் கங்காணி சத்தமாகச் சொன்னான்: “வேதக்காரம்மாவுக்குப் புத்தி பெரண்டு போச்சு. நாஞ் சொல்லல, நர்சம்மாவே எழுதிக் குடுத்துட்டாக. பயப்படாம அவுகவுக வீட்டுக்குப் போங்க.”

கூட்டம் கலைந்ததும் பேச்சி என்னிடம் வந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்; எட்டாம் மாதம் பிறந்திருந்தது.

“நர்சம்மா, நீங்க சொல்லுங்க. போகலாமா?”

மேனேஜர் அலுவலக ஜன்னலருகில் நின்றுகொண்டிருந்தார். மழை அன்று காலையிலிருந்து நின்றிருந்தது, வெயில்கூட வந்திருந்தது. அந்த வெயிலை நான் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன்.

“போ” என்றேன்.

ஒரு வாரம் கழித்து, ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை. மழை திரும்பப் பிடித்து மூன்றாம் நாள். வேலை இல்லாததால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். உச்சிப் பொழுது. நான் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓடை நின்றது. அந்த இரைச்சல் பழகிப்போன காதுக்கு, அது நின்றதுதான் சத்தம் மாதிரிக் கேட்டது. வாசலுக்கு வந்தேன். பாறைக்குக் கீழே மரங்கள் நின்றவாக்கிலேயே நகர்ந்து வந்துகொண்டிருந்தன. ஒன்றும் விழவில்லை, நடந்து வருவது போல வந்தன. பிறகுதான் மலை உறுமியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் லயம் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது.

ஏலச்செடி முழுதும் மண்ணோடு அரைபட்டு, அந்தப் பள்ளத்தாக்கே ஏலக்காயாக மணந்தது. நான் அந்த வாசனைக்குள் ஓடினேன்.

ஒதுக்குப்புறமாயிருந்த இரண்டு வீடுகள் தப்பின. ஓடையில் துணி துவைக்க ஒதுங்கியவர்கள் தப்பினார்கள். ஒன்பது பேர் தப்பவில்லை. பேச்சியையும் அவள் புருஷனையும் மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். அவள் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்திருந்தாள்.

நீ செவ்வாய்க்கிழமை காலை வந்து சேர்ந்தாய். பாதை அறுந்துபோய் ஜீப்பு வராததால் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியிருந்தாய். முழங்கால் வரை சேறு. யாரும் உன்னைத் தடுக்கவில்லை; கங்காணி உன்னைக் கண்டதும் திரும்பி நின்றுகொண்டான். அன்றைக்கு வானம் கழுவி விட்டது போல் தெளிந்திருந்தது. அந்தத் தெளிந்த வானத்தில்தான் அவை வந்தன. முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு எண்ண முடியவில்லை. மொட்டைக் கழுத்துப் பிணந்தின்னிக் கழுகுகள். சாய்ந்து நின்ற மரங்களில் வந்து உட்கார்ந்து சிறகைக் காயவைத்தன. மண்ணுக்குள் இன்னும் மூன்று பேர் கிடந்தார்கள். ஆண்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

நீ ஒரு தகரத் தட்டை எடுத்துக் கல்லால் அடித்து அவற்றை விரட்டினாய். அவை எழும்பி, ஒரு வட்டம் போட்டு, பக்கத்து மரத்தில் உட்காரும். நீ அங்கே ஓடுவாய். சாயங்காலம் வரை ஓடினாய். மூன்று பேரையும் எடுத்த பிறகுதான் தட்டைக் கீழே போட்டாய். பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாய்.

“இதுவும் அதே கழுகுதான் புள்ள” என்றாய்.

நாம் இருவரும் பெண்களின் உடல்களைக் கழுவினோம். பேச்சியின் தலைமயிரில் இருந்த மண்ணை நீ விரலால் நீவி நீவி எடுத்தாய். அப்போதுதான் நான் உடைந்தேன்.

“அக்கா, நான் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தேன்.”

“தெரியும். சபையில காட்டுனாக. படிச்சேன்.”

“நான்...”

“ஒரு வார்த்தகூடப் பொய் இல்ல. நான் தூங்கல, திங்கல, கழுகப் பத்தியே பேசுனேன். எல்லாம் நெசந்தான்.” பேச்சியின் காதோரத்து மண்ணைத் துடைத்தாய். “நீ குடைய விட்டுப் பாத்தியே. அது எவ்வளவு ஆழம் போச்சு?”

“கைப்பிடி வரைக்கும்.”

“அத எழுதலையே.”

“எழுதலக்கா.”

“அம்புட்டுதான். தண்ணி கொண்டா.”

நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மேனேஜர், எதிர்பாராத பெருமழை என்றார். என்னைக் கேட்டபோது வெடிப்பைச் சொன்னேன், குடையைச் சொன்னேன், என் சீட்டைச் சொன்னேன், பேச்சியிடம் சொன்ன ஒற்றைச் சொல்லையும் சொன்னேன். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அதனால் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போடிக்கு இறங்கி வந்து ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன். நீ கடைசி வரை ஊழியத்தை விடவில்லை. போடிக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாய். ஆனால் சுமக்கிற கழுகைப் பற்றி நீ அதன்பின் எங்கேயும் வாசித்ததில்லை என்று கேள்விப்பட்டேன்.

உன் கடைசி மாதத்தில் தேவாரத்துக்கு வந்து உன் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன். “கழுகு மாதிரி வாலிபம் திரும்புமாம். எனக்கு முட்டிகூட மடங்க மாட்டேங்குது” என்று சிரித்தாய். அந்தப் பெயரை நீயே எடுத்ததால் எனக்குத் தைரியம் வந்தது.

“அக்கா, என் மேல உனக்குக் கோவம் இருந்திச்சா?”

“இருந்திச்சு. ரொம்ப வருசம். பெறகு ஒரு நாள் அந்த எடத்தத் திரும்ப வாசிச்சேன். தாய் கூட்டக் கலைக்கிது, சரி. ஆனா அதோட விடலையே. கீழ விழுகிறதுக்கு முன்னாடி றெக்கைய விரிச்சு வைக்கிது. நான் கூரையப் பிச்சேன் புள்ள. எங்க வந்து படுங்கன்னு சொல்ல எங்கிட்ட ஒரு எடம் இல்ல. எந்தச் சபையவாச்சும் கேட்டேனா, தேவாரத்துல நாலு வீட்டச் சொல்லி வச்சேனா? அதுக ஏலக்காய்க் குமியல்லயே எம்புட்டு நாள் கெடக்கும்? எழுதியிருந்ததுல பாதியத்தான் செஞ்சேன். பாதி செஞ்சா அதுக்குப் பேரு கலைக்கிறது மட்டுந்தான்.”

உன் போர்வையை இழுத்துவிட்டேன். நீ தூங்கிவிட்டாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உன் அடக்கத்துக்கு மலையிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். எங்கே வேலை என்று கேட்டேன். நமது பழைய தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். குடியிருப்பு எங்கே என்றேன். “ஓடைக்கு அந்தாண்ட, பெரிய பாறைக்குக் கீழ புதுசா லயம் கட்டியிருக்காகம்மா. சிமிட்டி வீடு. நல்லாருக்கு” என்றாள். பிறகு, “கதவுதான் இந்த மழைக்குச் சாத்த மாட்டேங்குது” என்றாள்.

மண்ணை அள்ளி உன் குழியில் போட்டுவிட்டு மறுநாளே மெட்டு ஏறினேன். எனக்கு எழுபத்தாறு வயது. ஜீப்புக்காரன் வேண்டாம் என்றான். அவனையே கைப்பிடியாக வைத்துக்கொண்டு ஏலச்செடிக்குள் ஏறினேன். அதே சரிவு, அதே கசிவு. புல்லுக்குள் வளைந்து ஓடிய கோட்டைக் காண எனக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. கையிலிருந்த குச்சியை உள்ளே விட்டேன், முழுதும் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். வானம் காலியாக இருந்தது. அந்தக் கழுகுகள் எல்லாம் இப்போது எங்கே போயினவோ, ஒன்றையும் காணோம். வரப்போவதை மேலே சுற்றிக் காட்டக்கூட எதுவும் இல்லை.

இறங்கி வந்து எழுதினேன். தோட்டத்துக்கு ஒன்று, அரசாங்க அலுவலகத்துக்கு ஒன்று. வெடிப்பின் நீளம், குச்சி இறங்கிய ஆழம், சாயும் மரங்கள், கலங்கிய ஊற்று, சாத்தாத கதவு. அதே இடத்தில் முன்பு செத்த ஒன்பது பேரின் பெயர்கள். பார்த்தது எதையும் விடவில்லை. ஐந்து வாரமாகப் பதில் இல்லை. “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சோலி?” என்கிறான் என் மகன். ஊரில் சிலர் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாகவும் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

நேற்று மாலையிலிருந்து மேலே விடாமல் மழை. மெட்டின் உச்சி தெரியவில்லை. மகனைக் கூப்பிட்டு மாடியில் இரண்டு அறையையும் காலி செய்யச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான். சிலமலையில் பேச்சியின் அண்ணன் மகன் மூன்று வீடு தருகிறேன் என்றிருக்கிறான்; தேவாரத்தில் உன் சபைக்கூடத்துச் சாவியைப் போதகர் கொடுத்துவிட்டார். பாய், அரிசி, விறகு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. புது லயத்துப் பதினோரு குடும்பத்துக்கும் இடம் இருக்கிறது, அக்கா.

அவர்களை இறக்கிவர நான் சொல்லிவைத்த ஜீப்பு இரண்டும் வாசலில் வந்து நிற்கின்றன. ஓட்டுகிறவன், “வெரசா ஏறுங்கம்மா, பாதை அறுந்துரும்” என்கிறான். இதோ, போகிறேன்.